இல்லாத மருந்துக்கு ஒரு மாமா

ஸ்ரீரங்கத்தில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும், பொன்மலை ரயில்வே பட்டறையிலோ தபால் இலாகாவிலோ முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, காலையில் காவிரி ஸ்நானமும், காவிரியில் மணல் மட்டும் தென்படும் மாதங்களில் குழாயடி ஸ்நானமும் முடித்துக்கொண்டு, மீதிப் பகலை எதைக் கொண்டு நிரப்புவது என்ற விசாரத்துடன் திண்ணையில் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவரைக் காணலாம். இவர்களில் பலர் அரசியலுக்கும், அவர்களிலும் பலர் அண்டை வீட்டு விவகாரங்களுக்கும் தங்களை அர்ப்பணித்துவிடுகிறார்கள். அபூர்வமாக ஒருவர் மட்டும், பூர்வஜன்ம வாசனையோ என்னவோ, கடைகளில் கிடைக்காத மருந்தைத் தேடிக் கொணர்ந்து கொடுப்பதையே விரதமாக மேற்கொள்ளுகிறார். எங்கள் வீதிக்கு அப்படி வாய்த்தவர் மருந்து மாமா.

கிடைக்கிற மருந்தில் மாமாவுக்கு மரியாதை கிடையாது. “டவுனுக்குப் போறேளே, ஒரு அட்டை காய்ச்சல் மாத்திரை வாங்கிண்டு வர முடியுமா?” என்று யாராவது கேட்டுவிட்டால், மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தயாராக வந்த வித்வானை மங்களம் மட்டும் பாடிவிட்டுப் போகச் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்ப்பார். அதே ஆசாமி, “நாலு கடையில கேட்டாச்சு மாமா, இல்லேங்கறான்” என்று டாக்டர் சீட்டை நீட்டட்டும். திண்ணையை விட்டு எழுந்திருப்பதில் இருபது வயது குறைந்துவிடும். சீட்டைத் தூக்கிப் பிடித்து, தள்ளிப் பிடித்து, டாக்டர்களின் எழுத்தைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளரைப் போல வாசித்து முடித்து, “இது சுலபத்தில் அகப்படாது” என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் தொனிக்கும் ஆனந்தத்தை, நோயாளியின் வீட்டார் நல்லவேளையாகக் கவனிப்பதில்லை.

மாமாவின் கீர்த்திக்கு மூலகாரணம் எதிர்வீட்டுப் பையன். சிறு வயதில் அவனுக்கு ஒரு தொண்டைப்புண் வந்தது. அது போகிற போக்கில் மூட்டுகளைப் பிடித்தது. மூட்டை விட்டுப் போகும்போது இருதயத்தின் வால்விலும் கை வைத்துவிட்டுப் போயிற்று. ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர் சொன்ன டாக்டர், அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க, பென்சாத்தின் பென்சிலின் ஊசியை, 12 லட்சம் யூனிட், 21 நாளைக்கு ஒரு முறை, ஒன்றிரண்டு வருஷம் அல்ல, பல வருஷங்கள் போட்டுவர வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். “பகல்பத்து ராப்பத்துன்னு வைகுண்ட ஏகாதசி உற்சவம் 21 நாளில் முடியறதோல்லியோ, அதே கணக்கு” என்றார் மாமா. உற்சவமாவது வருஷத்துக்கு ஒருமுறை. மாமாவின் உற்சவமோ ஒன்று முடிந்த மறுநாளே அடுத்ததற்குக் கொடியேறிவிடும்.

புறப்பாட்டுக்கு உரிய சாமான்கள் மஞ்சள் பை ஒன்று, குடை ஒன்று, அசல் சீட்டு, அதன் ஜெராக்ஸ் மூன்று, எந்தக் கடையில் எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது என்று குறித்து வைத்த பழைய டைரி ஒன்று. ராஜகோபுரத்துக்கு எதிரே முதலாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால், மாம்பழச் சாலை, பாலம், சத்திரம் பஸ் நிலையம். அங்கிருந்து கால்நடையாக மெயின்கார்டுகேட், தெப்பக்குளம், பெரிய கடைவீதி. வீட்டுக்கு வீடு டாக்டர் பலகை தொங்கும் தில்லைநகர்க் குறுக்குத் தெருக்கள். கடைசியில் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எதிர்வரிசை. 1976இல் திறந்த காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக 2022ஆம் வருஷக் கடைசியில் பஸ்களை வேறு வழியாகச் சுற்றிவிட்டபோது, ஊரெல்லாம் முனகிற்று. மாமா மட்டும், காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டதால் சிவபெருமானே தாயாகி வந்து பிரசவம் பார்த்த தாயுமானவர் கதையை, வைஷ்ணவராயிருந்தும் மனமுவந்து இரவல் வாங்கி, “பிரசவத்துக்கு அவர் வந்தார், ஊசிக்கு நாம்தான் போகணும்” என்று சொல்லிக்கொண்டு சுற்றுவழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

கடைக்காரர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் அரிசிப் பானை காலியானால் ‘இல்லை’ என்ற அமங்கலச் சொல்லைச் சொல்லாமல் ‘நிறைய இருக்கு’ என்பார்கள். மருந்துக்கடைக்காரர் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லாமல் தப்பிக்கும் வித்தையில் பாட்டிமாருக்குச் சளைத்தவரல்ல. “ஷார்ட் சப்ளை சாமி”, “ஆர்டர் போட்டிருக்கு சாமி”, “சாயங்காலம் வண்டி வரும் சாமி”, “ஏஜென்சிலயே வரல சாமி” என்ற நான்கு விடைகளுக்கும் உள்ள சூட்சுமமான தாரதம்மியம் மாமாவுக்கு மனப்பாடம். முதலாவதற்குப் பத்து நாள், இரண்டாவதற்கு ஒரு மாதம், மூன்றாவது வெறும் உபசாரம், நான்காவது ஒன்றுதான் சத்தியம் என்பது அவர் அனுபவம்.

ஒருநாள் ஒரு கடையில், “அதுக்குப் பதிலா வேற ஆன்டிபயாடிக் தரட்டுமா சாமி? அதைவிட ஸ்ட்ராங்கு” என்று கேட்ட இளைஞனை மாமா இரக்கத்தோடு பார்த்து, “பெருமாளைச் சேவிக்க வந்தவனை, அவர் இல்லை, துவாரபாலகரைப் பாத்துட்டுப் போ, அவர் ஆகிருதி பெரிசுன்னு சொல்றாப்பல இருக்கே” என்றார். பிறகு கோபம் தணியாமல், “ஹொய்சளர் காலத்திலேயே எங்க ஊர்க் கோயிலுக்குள்ள ஆரோக்கியசாலை இருந்ததுடா அப்பா! சிதிலமாப் போனதை 1493இல் கருடவாகன பட்டர் எடுத்துக் கட்டி, தன்வந்திரியையும் பிரதிஷ்டை பண்ணினார்னு கல்வெட்டே இருக்கு” என்று சொல்லி முடிக்க, இளைஞன் வெகு பணிவோடு, “அங்க கேட்டுப் பாத்தீங்களா சாமி?” என்றான். இதை எங்களிடம் வந்து சொன்னவரும் மாமாவேதான் என்பதை அவர் பெருந்தன்மைக்குச் சான்றாகக் குறிப்பிட வேண்டும்.

இந்த ஊசி ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு மாமாவிடம் ஒரு பொருளாதார உபந்நியாசம் உண்டு. 1950களின் நடுவில் புனாவுக்குப் பக்கத்தில் பிம்பிரியில் சர்க்காரே ஆலை வைத்துப் பென்சிலின் காய்ச்ச ஆரம்பித்தபோது அரை டிராயர் பையனாக இருந்தவர் அவர். அந்தப் பழைய மருந்துக்கு சர்க்கார் உச்சவிலை கட்டிவிட்டது. அந்த விலை, மருந்தைத் தேடிப் போகும் ஆட்டோவுக்குக்கூடக் காணாது. லாபமில்லாத சரக்கைச் செய்ய முதலாளிக்கு என்ன பைத்தியமா? “விலை ஏறினா ஏழைக்குக் கிடைக்காது, ஏறலேன்னா ஒருத்தருக்கும் கிடைக்காது” என்பது உபந்நியாசத்தின் பல்லவி. போதாக்குறைக்கு, ஒவ்வாமை வந்து ஆளைச் சாய்த்துவிடுமோ என்ற பயத்தில், மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஊசி போட மறுக்கிற கிளினிக்குகள் உண்டு. ஆக, போடுகிறவரைத் தேடுவது மாமாவின் உத்தரகாண்டம்.

2024 அக்டோபரில், பென்சிலின் உட்பட எட்டு மருந்துகளின் உச்சவிலையை ஐம்பது சதவிகிதம் உயர்த்த சர்க்கார் அனுமதித்ததாகப் பத்திரிகையில் வந்ததும், “இனிமே உங்களுக்கு வேலையில்லை மாமா” என்று நான் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செய்தியை இரண்டு தரம் படித்தார். “இது பென்சைல் பென்சிலின், நான் தேடறது பென்சாத்தின்” என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டது என் இரண்டாவது பிழை. “நம்பெருமாளும் பெரிய பெருமாளும் ஒருத்தர்தான். ஆனா ஒருத்தர் புறப்பாடு கண்டருள்றவர், ஒருத்தர் கிடந்த திருக்கோலம். பென்சைல் உடம்புக்குள்ள போனா சில மணி நேரத்தில் புறப்பட்டுப் போயிடும். பென்சாத்தின் சதையிலே கிடந்தபடியே மூணு வாரம் மெள்ள மெள்ளக் கரைஞ்சு காரியம் பண்ணும். அதுக்கு இது ஈடாகுமோ?” இதைவிடத் தெளிவாக எந்த வைத்தியப் புஸ்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் மாமா உச்சிகுளிர்ந்து நான் பார்த்தது 2023இல். நியூ ஜெர்சியில் இருக்கும் அவர் மருமான் தொலைபேசியில், அமெரிக்காவிலேயே இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு, பிரான்ஸ் தேசத்துச் சரக்கை இறக்குமதி செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு உத்தர வீதிகளுக்கும் சமாசாரம் பரவிற்று. “அமெரிக்காவிலேயே இல்லை!” என்று அவர் சொன்ன தோரணையில், தாம் இத்தனை நாள் முதலாம் நம்பர் பஸ்ஸில் செய்துவந்தது ஒரு சர்வதேசக் காரியம் என்பது ருசுவாகிவிட்ட பெருமிதம் இருந்தது.

சென்ற மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் டவுன் முழுவதும் சஞ்சாரம் செய்தும் மருந்து அகப்படாமல், செருப்பின் வாரும் அறுந்து, மத்தியான வெயிலில் மாமா வீதிக்குள் நுழைந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் வாசலில் காத்திருந்து, “சிரமப்படாதீங்கோ மாமா, கிடைச்சுடுத்து. இருமல் மருந்து வாங்க நம்ம தெருமுனைக் கடைக்குப் போனேன். சும்மா கேட்டு வைப்போமேன்னு கேட்டேன், எடுத்துக் கொடுத்துட்டான்” என்று அந்தச் சிறு குப்பியை நீட்டினாள். மாமா ஒன்றும் பேசவில்லை. குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பெயர் பார்த்தார், யூனிட் பார்த்தார், காலாவதித் தேதி பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தெருமுனைக் கடையின் பெயர் அவருடைய டைரியில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து, அறுந்த செருப்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வெகு மெல்லிய குரலில் கேட்டார்:

“அவன்கிட்ட இன்னும் இருக்காமா?”

“எங்கே மாமா? ஒண்ணே ஒண்ணுதான் இருந்ததாம். இனிமே ஏஜென்சிலேயே வராதுன்னுட்டான்.”

மாமாவின் முகத்தில் களை வந்தது. பையிலிருந்து டைரியை எடுத்து, இருபத்தோரு நாளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.