யம லிங்கம் அருகே மனை விற்பனைக்கு

கே: வயது 26. திருவண்ணாமலையில் மனை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியிருக்கிறேன். ஆள் பழக்கம் பிடிப்பது எப்படி? (போளூர் வாசகர்)

விசிட்டிங் கார்டு அச்சடிப்பதை முதலில் நிறுத்துங்கள், தம்பி. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்தில் நீட்டிய கார்டு அக்னி லிங்கம் வருவதற்குள் காலடியில் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது நாலே பேர்: பத்திர எழுத்தர், சர்வேயர், சொந்தமாக ஒரு வக்கீல், பக்கத்து நிலத்துக்காரர்.

ஒரு தாய்ப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு பழைய பத்திர எழுத்தரிடம் போய், "அண்ணே, படிச்சுச் சொல்லுங்க" என்று உட்காருங்கள். நான்கெல்லையைப் படித்துக்கொண்டே வந்தவர் தெற்கு எல்லையில் நிறுத்தி, "இவங்க அண்ணன் தம்பி பாகம் இன்னும் முடியலையே" என்பார். அந்த ஒரு வரி வில்லங்கச் சான்றில் வராது. பதிவானது மட்டுமே அதில் இருக்கும். வாய்மொழிப் பாகமும் பதியாத உயிலும் இருக்காது. பக்கத்து நிலத்தில் ஆடு மேய்க்கும் ஆயாவுக்கோ, ஐப்பசியில் எங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது தெரியும். அவர் பேச்சைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: பேசிய கமிஷனைப் பத்திரம் பதிகிற அன்றே கொடுத்துவிடுங்கள். அடுத்த நல்ல மனை முதலில் உங்களிடம்தான் வரும்.

கே: சீக்கிரம் கோடீஸ்வரனாக வழி? (ஆரணி வாசகர்)

நிலத்தை வாங்கிப்போட்டு மறந்துவிட்ட தாத்தா ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

கே: 'கிரிவலப் பாதையிலிருந்து 5 நிமிடம்' என்ற விளம்பரத்தை நம்பலாமா? (சென்னை வாசகி)

வாருங்கள், அம்மா! இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செங்கம் ரோட்டிலும் 5 நிமிடம், வேலூர் ரோட்டிலும் 5 நிமிடம், அவலூர்பேட்டை ரோட்டிலும் 5 நிமிடம். பாதையே 14 கிலோமீட்டர்தான். விளம்பரத்தில் வருகிற மனையெல்லாம் அதை ஒட்டியே இருந்தால் மலைக்கு ஏது இடம்? பௌர்ணமி இரவில் ஒரு தடவை காரில் வந்து பாருங்கள், அந்த 5 நிமிடம் விடியவிடிய நீளும்.

'குபேர லிங்கம் அருகே' என்று போட்டால் சதுர அடி விலை ஏறுகிறது. 'யம லிங்கம் அருகே' என்று போட்டு விற்ற விளம்பரம் இன்றுவரை என் கண்ணில் படவில்லை. எட்டு லிங்கமும் ஒரே மலையைச் சுற்றித்தானே இருக்கின்றன? யமன் பக்கம் சுத்தமான பத்திரத்தோடு மனை வந்தால் தயங்காமல் எடுங்கள். பேரம் பேசவும் வசதி.

லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு எண் கேளுங்கள். விற்கிற ஏஜென்டும் பதிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அது.

கே: ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டு அன்பர் இங்கே வீடு வாங்கித் தரச் சொல்கிறார். நல்ல தொடர்பாயிற்றே? (திருவண்ணாமலை வாசகர்)

சுற்றுலா விசாவில் வருகிற வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க முடியாது; 5 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். "உங்கள் பெயரில் வாங்குங்கள், பணம் நான் தருகிறேன்" என்பார். அதற்குப் பெயர் பினாமி, 1988லேயே சட்டம் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுங்கள், நட்பும் நிலைக்கும்.

கே: கோயில் நிலம் மலிவாக வருகிறது. பட்டா பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். (செங்கம் வாசகர்)

பத்திரத்தில் அண்ணாமலையாரின் கையெழுத்து இருக்கிறதா?

கே: மலைச்சரிவில் ஒரு மனை. கொண்டுவந்தவர் நெருங்கிய நண்பர். வேண்டாம் என்றால் தொடர்பு அறுந்துவிடுமோ? (கீழ்பென்னாத்தூர் வாசகர்)

அறுந்தால் அறுந்து போகட்டும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடியது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். போக வேறிடம் இல்லாத குடும்பங்கள்தான் சரிவில் வீடு கட்டுகின்றன. உங்களுக்கு வேறிடம் இருக்கிறது. நண்பரிடம் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். புரிந்துகொள்கிறவர் என்றால் அவரையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம். லாபம் வைத்துக் கைமாற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்களிடம் வாங்குகிறவர் அங்கே பிள்ளைகளோடு படுத்துத் தூங்குவார்.