இன்ஜின் மட்டும்தான்!

பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் வைத்திருப்பவர்கள் தியாகிகள். அதன் 2112 சி.சி. பெஜோ டீசல் இன்ஜின் கொடைக்கானல் ஏற்றத்தில் திணறினால் வண்டியை விற்றுவிடுவதில்லை. “இன்ஜினை மட்டும் மாத்திடலாம்ணே” என்பார் மெக்கானிக். எவ்வளவு அடக்கமான சொல், அந்த ‘மட்டும்’!

புது டர்போ இன்ஜின் பழைய கியர்பாக்ஸில் பொருந்தாது; நடுவே ஒரு அடாப்டர் பிளேட் கடைந்தால் போதும். கடைந்ததும் இன்ஜின் முன்னால் தள்ளிப்போய் ரேடியேட்டரை இடிக்கும். ரேடியேட்டர் என்ன பெரிய விஷயமா? கூடிய இழுவையில் கியர்பாக்ஸ் பல் உதிர்க்கும். அதையும் மாற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் ஒவ்வாது, வெட்டி ஒட்டலாம். வேகம் கூடிவிட்டதே, பிரேக்? நல்ல கேள்வி, டிஸ்க் போடலாம். ஆனால் பாரம்பரியம் பிசகவில்லை. ஹார்ன் அதே பழைய ஹார்ன்தான், அடிக்காது.

ஆர்.சி. புத்தகத்திலும் பழைய இன்ஜின் எண்ணே நீடிக்கிறது. அதைத் திருத்தலாம்தான், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம்.

கழற்றிய இன்ஜினா? பட்டறைக்காரர் டீசல் ஃபில்டரை மாற்றித் தம்பியின் ஜீப்பில் மாட்டிவிட்டார். நம் வண்டி மலையில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுத்து வருவது அதுதான்.