பரீட்சைப் பயம்

பரீட்சைப் பயம் படித்தவனுக்கும் வரும், படிக்காதவனுக்கும் வரும். ஆனால் படித்தவனைத்தான் பாடாய்ப் படுத்தும். படிக்காதவனுக்கு முடிவு முன்பே தெரியும் என்பதால் அவன் ஓரளவு நிம்மதியாக இருக்கிறான். தமிழ்நாட்டில் இது பொங்கல் கழிந்ததும் பிளஸ் டூ வீடுகளில் தலைகாட்டி, மார்ச்சில் முற்றுகிறது. முதல் அறிகுறி பிள்ளையிடம் தெரிவதில்லை. வீட்டில் டிவி சத்தம் நின்றுபோவதில் தெரியும்.

இதற்கு உடலில் காரணம் உண்டு. ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு வறளும். எல்லாம் ஓடவோ எதிர்த்து நிற்கவோ செய்யப்படும் ஏற்பாடு. எதிரில் இருப்பது கரடியா, கரிம வேதியியலா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. குடலும் தன் பங்குக்குக் கலங்குவதால், தேர்வு மையத்தில் காலை ஒன்பதரை மணிக்கு மிக நீளமான வரிசை கழிவறை வாசலில்தான் நிற்கும்.

வீட்டில் நடக்கும் ஏற்பாடுகளும் குறைந்தவை அல்ல. பேனாக்கள் முந்தின இரவே பிள்ளையார் படத்துக்கு முன் போய்விடும். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு கரண்டி தயிரும் சர்க்கரையும், ஹால் டிக்கெட் எடுத்தாயா என்ற கேள்வி நான்கு வாயிலிருந்து. இத்தனை காப்பும், பள்ளி வாசலில் ஒரு நண்பன் வந்து, "எட்டாவது பாடத்துலதான் பெரிய கொஸ்டினாம்டா" என்று சொல்லும்வரைதான் நிற்கும். எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். முதல் வாசிப்பில் ஒரு கேள்வியும் தெரியாது. இரண்டாம் வாசிப்பில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தென்படும். ஆகவே முதல் வாசிப்பை நம்பலாகாது.

பயம் முற்றிலும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1908-இல் சுண்டெலிகளுக்கு மின்அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். கடினமான வேலையைக் கற்க மிதமான அதிர்ச்சி உதவியது, கடுமையானது கெடுத்தது. எலிகளிடம் கட்-ஆஃப் எவ்வளவு என்று யாரும் கேட்காததால் முடிவு தெளிவாகக் கிடைத்தது.

பயத்தை மிதமாக வைத்துக்கொள்ள வழியும் உண்டு. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளைத் தாளில் எழுதிய, பதற்றம் மிகுந்த மாணவர்கள் மேலும் நன்றாக எழுதினார்கள் என்று ரமீரெஸ், பெய்லாக் ஆகியோரின் 2011 ஆய்வு காட்டியது. மூச்சை மெதுவாக, நீளமாக விடுவது படபடப்பைத் தணிக்கும். படித்தது மூளையில் பதியத் தூக்கம் வேண்டும். விடிய விடியப் படிப்பதால் முழுப் பயன் அடைபவர்கள், பக்கத்து அறையில் அதைப் பார்த்துப் பூரிக்கும் பெற்றோர் மட்டுமே.

அரசும் தன்னால் ஆனதைச் செய்தது. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிறகு மொத்த மதிப்பெண்ணை 1200-லிருந்து 600 ஆக்கியது. பயம் அந்த விகிதத்தில் குறையவில்லை. தூக்கமும் சாப்பாடும் கெடுமளவுக்குப் போனால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பரீட்சை முடிந்து வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, வினாத்தாளை வாங்கி ஒரு மதிப்பெண் கேள்வியிலிருந்து விசாரிக்கும் பழக்கத்துக்குத் தனி எண் இல்லை. அதை வீட்டாரே விட்டால்தான் உண்டு.