கோடிங்கிலிருந்து முதலீட்டுக்கு

கேள்வி: எட்டு வருடமாக ஐ.டி. வேலை. விட்டுவிட்டு முதலீட்டுத் துறைக்குப் போகலாமா?
– வாசகர், கோவை

பதில்: வீட்டில் உட்கார்ந்து ஆப்ஷன் டிரேடிங் செய்வதைத்தான் முதலீட்டுத் துறை என்கிறீர்களா? அப்படியென்றால் வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் மூன்று ஆண்டுகளில் பணம் இழந்தவர்கள். மீதி ஏழு பேரில் நீங்கள் ஒருவர் என்று நம்புவதற்கு எட்டு வருட அனுபவம் போதாது!

பகுப்பாய்வை வேலையாகச் செய்யப் போகிறீர்கள் என்றால், தாராளமாக. ஐ.பி.எம்.மில் கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் ஆய்வில் இருந்த பீட்டர் பிரவுனும் ராபர்ட் மெர்சரும் 1993இல் ரினைசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனார்கள். இருவரும் நிதித்துறை ஆட்கள் இல்லை. இரைச்சலுக்குள் ஒழுங்கைத் தேடும் பழக்கம்தான் அவர்கள் கொண்டுபோன சொத்து. பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்கள்.

ஒன்று மட்டும் உங்களைப் படுத்தும். தப்பான கோடு பெரும்பாலும் டெஸ்டிங்கிலேயே மாட்டிக்கொள்ளும். முதலீட்டிலோ தப்பான முடிவும் லாபம் தரலாம், சரியான முடிவும் நஷ்டம் தரலாம். எது எது என்று தெரியவே வருடங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பு தாங்காமல் திரும்பிவிடுபவர்களும் உண்டு.

ஆகவே ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு டிராஃப்டிலேயே வையுங்கள். என்.ஐ.எஸ்.எம்.மின் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வையோ சி.எஃப்.ஏ. முதல் நிலையையோ வேலையில் இருந்தபடியே எழுதுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மென்பொருள் துறையில் ஒரு நிறுவனத்தை எடுத்து, அதன் பத்து வருட ஆண்டறிக்கைகளைச் சனி, ஞாயிறுகளில் படியுங்கள். மூன்றாவது வாரமும் ஆசையாக உட்கார்ந்தீர்களானால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.