ஓர் 'ஓ' குறைந்த கடிதம்

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள் என்றால், வெளியூர்க்காரர் நாம் உளறுவதாக நினைக்கக்கூடும். முந்திய ஏலம் மலையில் விளைவது, பிந்திய ஏலம் போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல் என்ற சரித்திரமெல்லாம் அறியாமலேயே, எங்களூரில் மூட்டை தூக்குகிறவர்கூட இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒருநாளும் தடுமாறியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், இங்கிலீஷில் ஓர் 'ஓ'வைக் கோட்டைவிட்டு, என் முதலாளியின் மானத்தைக் கப்பலேற்றிய விருத்தாந்தம் இது.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு, ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கடிதம் எழுதும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. "மூட்டைக் கணக்கில்தான் கொடுப்போம், லூஸில் விற்கிற வழக்கம் கிடையாதுன்னு எழுது தம்பி" என்றார் முதலாளி. எழுதினேன், 1928-இல் திறந்த ரயில் பாதை வழியே அது பம்பாய்க்குப் போயிற்று. இரண்டு 'ஓ' போட்டால் உதிரி, ஒன்றே போட்டால் நஷ்டம் என்ற பரம ரகஸ்யத்தை எந்த வாத்தியாரும் எனக்கு உபதேசித்ததில்லை. உபதேசித்த தினத்தில் நான் தூங்கியிருக்கவும் கூடும். தமிழில் எழுதிப் பார்த்தாலோ இரண்டும் ஒரே லூஸ்தான். பதில் வந்தது: தாங்கள் நஷ்டப்படுவதே இல்லை என்றறிந்து பரம சந்தோஷம், ஆகவே சென்ற லாட்டில் நாங்கள் பட்டதையும் தாங்களே ஏற்றுக்கொள்ளலாமே! முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, நம் தெருக்களில் மனிதர்களுக்குப் பட்டமாக வழங்கும் மூன்றாவது லூஸை உச்சரித்தார்.

ஏலக்காயில் பருமனானதற்குப் போல்டு என்று பெயர், 8 மி.மீ. போல்டு என்றால் இன்றைக்கும் தனி மரியாதை. முன்பு பட்ட சூட்டினால் 'ஓ'வைக் கண்டாலே நடுங்கிய நான், அடுத்த கடிதத்தில் அந்தச் சொல்லில் அதை எடுத்துவிட்டு ஓர் 'ஏ'யைப் போட்டேன். அது வழுக்கைத் தலையைக் குறிக்குமாம். "தங்கள் பக்கத்து ஏலக்காய்க்கு முடி முளைக்கிற வழக்கமும் உண்டோ?" என்று பம்பாயார் வினயமாகக் கேட்டிருந்தார்.

"முதல்ல காயைப் போய்ப் பாத்துட்டு வா" என்று முதலாளி என்னை மலைக்கு விரட்டினார். காய் எடுக்கப் போகும் பெண்களோடு காலை ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு போடிமெட்டைத் தாண்டினேன். ஸ்டோரில் இறங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சீனியும் புளியும் விற்கிற கடையை எதிர்பார்த்து இறங்கினால், அது காய் உலர்த்தும் கட்டடம். மலையில் அதற்குத்தான் ஸ்டோர் என்று பெயர். விறகடுப்பின் சூட்டை இரும்புக் குழாய்கள் அறைக்குள் கொண்டுவர, தட்டுத் தட்டாக இரவெல்லாம் உலர்ந்த காயை, சூடு ஆறுவதற்குள் கம்பி வலைமேல் கொட்டித் தேய்த்தார்கள். காம்பும், நுனியில் கருகி ஒட்டியிருந்த பூவின் மிச்சமும் பொலபொலவென்று உதிர்ந்தன. புடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காள் நான் விழிப்பதைக் கண்டு, "என்ன தம்பி அப்பிடிப் பாக்குறீக? மொட்டையடிச்சாத்தேன் காய்க்கு வெலை" என்றாள்.

அன்றிரவே இந்த நியாயத்தை நான்கு பக்கத்தில் பம்பாய்க்கு விஸ்தாரமாக எழுதினேன். பதிலில் விவாதம் எதுவுமில்லை. 20 மூட்டைக்கு ஆர்டர் மட்டும், அதே 'ஏ'யோடு வந்திருந்தது. முதலாளி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குத்துக்கம்பியில் செருகினார்.