அம்பாஸடரின் தகப்பனாருடன் ஒரு பிரயாணம்

ஆக்ஸ்போர்டு,
ஆனி மாதம்.

ம-ள-ள-ஸ்ரீ மாமா அவர்கள் சமூகத்துக்கு மருமகன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் நானும் தங்கள் மகளும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், அத்தையும், சத்திரம் பேருந்து நிலையத்து டாக்ஸி ஸ்டாண்டில் இன்னும் எஞ்சியிருக்கும் தங்கள் சகாக்களும் க்ஷேமமாயிருப்பதற்கு எழுத வேண்டும்.

தங்கள் மகள் கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "சீமைக்குப் போயும் நம்ம அம்பாஸடரையா கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?" என்று தாங்கள் அத்தையிடம் விசாரித்ததாகத் தெரிந்தது. படத்தில் இருப்பது அம்பாஸடர் அன்று, அதன் தகப்பனார். நாங்கள் குடியிருக்கும் இந்த ஆக்ஸ்போர்டு நகரத்தின் ஓரத்திலுள்ள கௌலி ஆலையில், 1956 முதல் 1959 வரை செய்யப்பட்ட மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார் அது. அதன் வடிவத்தையே எடுத்துக்கொண்டுதான் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், அம்பாஸடரை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. பிறந்த ஊரில் மூன்றே வருஷத்தில் வழக்கொழிந்துபோன ஒரு வடிவம், புகுந்த நாட்டில் 2014 வரைக்கும் மந்திரிமார்களையும், மாப்பிள்ளைமார்களையும், பிரசவத்துக்குப் புறப்பட்ட கர்ப்பிணிகளையும் யாதொரு பேதமுமின்றிச் சுமந்ததென்பதும், அந்தச் சுமையில் ஒரு பங்கு தங்கள் கையால் மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் ஏற்றிச் செல்லப்பட்டதென்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாமலிருந்தது. இப்பொழுது ஓரளவு தெரியும். அந்தப் பிரசாரத்தைத் தங்கள் மகள் செவ்வனே செய்துவிட்டாள்.

வண்டி நம்முடையது அன்று. பக்கத்து வீட்டுக் கிழவருடையது. அவர் கௌலி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் ரிப்பேர் செய்து வாழ்க்கையைத் தொடங்கி, 1913-இல் முதல் மாரிஸ் காரைச் செய்து, பிற்காலத்தில் நஃபீல்டு பிரபுவாக உயர்ந்த வில்லியம் மாரிஸ் ஸ்தாபித்த ஆலை அது. இன்று ஒரு ஜெர்மன் கம்பெனியின் வசம் இருந்துகொண்டு மினி கார்களைச் செய்துகொண்டிருக்கிறது. பல வருஷங்களாக அடுத்தடுத்த வீட்டிலிருந்தும், கிழவருக்கும் எங்களுக்கும் இடையே மழையைப் பற்றியும், மழை வரக்கூடுமென்பதைப் பற்றியும் அல்லாமல் வேறு சம்பாஷணை நிகழ்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தமது கொட்டகையிலிருந்து இந்தக் காரை வெளியே எடுத்துக் கிளப்பியபோது, அடுப்படியிலிருந்த தங்கள் மகள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி, "டாப்பெட் சத்தம் போடுகிறது, அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்" என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். பிறகு தங்கள் மகளைப் பார்த்தார். மழையைப் பற்றிய பேச்சு அன்றோடு ஒழிந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஜான் ஓ க்ரோட்ஸ் என்ற ஊருக்கு இந்தக் காரில் ஒருமுறை போய்வர வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசையாம். தனியாகப் போகப் பயந்திருந்தாராம். நாங்கள் கூட வரச் சம்மதமா என்று கேட்டார். ஆக்ஸ்போர்டிலிருந்து அவ்விடம் 600 மைலுக்கு மேல். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

புறப்படுவதற்கு முன் தங்கள் மகள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். மாணிக்க விநாயகர் சந்நிதியில் தாங்கள் செய்வித்த வாகன பூஜைகளை எல்லாம் அவள் கிழவருக்கு விஸ்தாரமாக விளக்க, அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மிகுந்த சிரத்தையுடன் நின்றார். ஏற்கெனவே இந்நாட்டில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்துவிட்டபடியால், பழைய கார்களின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாதென்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழச் சாறு அந்தக் கலப்புக்கு ஏதேனும் மாற்று மருந்தோ என்று பிற்பாடு என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

இந்நாட்டுச் சட்டம் முதிய கார்களை நடத்தும் விதத்தைக் கேட்டால் தாங்கள் வியப்புறுவீர்கள். காருக்கு 40 வயது கடந்துவிட்டால் சாலை வரி கிடையாது. வருஷாந்தரப் பரிசோதனை 2018 முதல் கட்டாயமில்லை. 1965-க்கு முன் பிறந்த வண்டியாகையால் இருக்கை வார் பொருத்தியிருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. நம் ஊரிலோ வண்டிக்கு வயதாக ஆக, எஃப்.சி. வாங்குவதற்காக அதன் எஜமானர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் நேரமும் ஏறிக்கொண்டே போகும். நம் சர்க்காரும் 2021-இல் விழித்துக்கொண்டு, 50 வயது கடந்த கார்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் வழங்க விதி செய்திருக்கிறது. தங்கள் வண்டியை இரும்புக் கடைக்காரர் எடை பார்த்து எடுத்துப்போன தினத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் பிரஸ்தாபிக்கப் போவதில்லை.

கிழவருக்கு ஒரு விரதம் உண்டு. அவருடைய கார் பிறந்தது 1957-இல். இந்நாட்டின் முதல் மோட்டார்வே, பிரெஸ்டன் நகரத்தைச் சுற்றிச் செல்வது, 1958 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஆகவே தன்னைவிட வயதில் இளைய சாலையில் இந்தக் கார் ஓடாதென்பது அவர் கொள்கை. ரோமாபுரிக்காரர்கள் போட்ட தடத்தின்மீது செல்லும் ஏ5 சாலையும், வடக்கே மலையேறும் ஏ6 சாலையும் அவருக்குச் சம்மதம். மணிக்கு 45 மைல் வேகத்தில், முன்பக்கத்து நீள இருக்கையில் நாங்கள் இருவரும், பின்பக்கத்தில் புளியோதரைத் தூக்கும் தயிர்சாதத் தூக்குமாகத் தங்கள் மகளும் அமர்ந்து, எங்களுக்குப் பின்னால் சேர்ந்த வண்டிகளை ஒதுங்கி ஒதுங்கி வழியனுப்பியவாறு சென்றோம். ஸ்டியரிங் தண்டில் கியர், காலடியில் டிப்பர் ஸ்விட்ச், குளிரில் இழுத்துவிட வேண்டிய சோக் என்று சகலமும் நாம் அறிந்த இடங்களிலேயே இருந்தன. கிழவர் களைத்தபோது நான் ஓட்டினேன். தாங்கள் கொள்ளிடக்கரையில் எனக்குக் கற்பித்த வித்தை வீண்போகவில்லை.

வழியில் அவர் சொன்ன ஒரு சங்கதியைத் தங்கள் ஸ்டாண்டில் அவசியம் சொல்ல வேண்டும். 1905-இல் இங்கே ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற மோட்டார்காரர் சங்கம் தோன்றியபோது, அதன் சேவகர்கள் சைக்கிளில் திரிந்து, போலீசார் வேகத்தைப் பிடிக்க ஒளிந்திருக்கும் இடங்களை முன்கூட்டி எச்சரித்தார்கள். அங்ஙனம் எச்சரிப்பது குற்றமென்று நியாயஸ்தலம் கூறிவிடவே, சங்கம் ஒரு தந்திரம் செய்தது. சங்கத்து முத்திரை பூண்ட ஒவ்வொரு காருக்கும் சேவகன் சலாம் வைப்பான், ஏதேனும் ஓரிடத்தில் அவன் சலாம் வைக்கவில்லையென்றால், காரை நிறுத்தி "ஏனப்பா வைக்கவில்லை?" என்று கேட்டுக்கொள்ள வேண்டியது. சலாம் வைக்காததற்காக ஒருவனைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை அல்லவா? சென்னை ரோட்டில் எதிரே வரும் டிரைவர்கள் பட்டப்பகலில் விளக்கை அணைத்து எரித்துச் சமிக்ஞை காட்டும் நம்மவர் தர்மத்தை நான் பதிலுக்குச் சொன்னேன். அதில் வழக்குக்கே இடமில்லையென்று அவர் வெகுவாகப் பாராட்டினார்.

ஏ6 சாலையில் ஷாப் என்ற மலைமேடு இருக்கிறது. உயரம் சுமார் 1,400 அடிதான். ஆனால் 1970-இல் மோட்டார்வே இந்தப் பக்கம் வரும்வரை, வடக்கே சரக்கு ஏற்றிச் சென்ற லாரிக்காரர்களுக்கு அது எமலோகத்து வாசல். பனிக்காலத்தில் அங்கே அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு உணவும் தங்க இடமும் அளித்த அக்கம்பக்கத்துக் குடியானவர்களையும், அந்த டிரைவர்களையும், சாலை போட்டவர்களையும் நினைவுகூர்ந்து உச்சிக்கருகே ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். மந்திரிக்கு அன்று, டிரைவருக்கு நாட்டிய கல். தாங்கள் இவ்விடம் வந்தால் அவசியம் காட்டுவேன். அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழே எங்கள் ரேடியேட்டர் கொதித்தது. மூடியைத் திறக்கப் போன கிழவரைத் தங்கள் மகள் ஓர் அதட்டலில் நிறுத்தி, ஈரத்துணியைப் போட்டு, கால்மணி நேரம் எங்கள் இருவரையும் தூர நிற்கச் செய்தாள். ஏற்காடு மலைப்பாதையில் தாங்கள் செய்ததை முன்சீட்டில் நின்று பார்த்த குழந்தை அல்லவா அவள்! அதற்குள் பண்ணை வீட்டிலிருந்து ஓர் அம்மாள் ஒரு வாளித் தண்ணீரும், எங்களுக்குத் தேநீரும் கொண்டுவந்தார். அவர் வாங்கிக்கொண்டு போன புளியோதரை அவருக்கு எங்ஙனம் இருந்ததென்பது இன்றுவரை தெரியவில்லை.

மாமா, இந்தப் பிரயாணத்தில் நான் கண்ட மகா ஆச்சரியம் மலையோ ஏரியோ அன்று. இந்நாட்டுக்காரர்கள் வாய் திறந்து பேசியதுதான். சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், காவேரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் வருவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்தவர் நமது சம்பளத்தையும், பெண்ணுக்கு இன்னும் ஏன் வரன் அமையவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு, தம் பங்குக்கு ஒரு ஜோசியர் விலாசமும் கொடுத்துவிட்டே இறங்குவார். இங்கே எதிரெதிரே அமர்ந்து ரயிலில் போகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருப்பதை மரியாதையென்று கருதுகிறார்கள். ஆனால் அறுபது வயது கடந்த ஒரு காரைப் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பாருங்கள்! சூட்டுப் போட்ட கனவான் வருகிறார், பச்சை குத்திய இளைஞன் வருகிறான், இருவரும் தொடங்குகிற வாக்கியம் ஒன்றே: "எங்கள் தாத்தா இதைத்தான் வைத்திருந்தார்." அதற்குப் பிறகு தாத்தாவின் குணம், அவர் பாட்டியைப் பெண் பார்க்கப் போனது, பின்சீட்டில் தாம் வாந்தி எடுத்தது, அண்ணன் தம்பிகள் சொத்துக்குச் சண்டையிட்டது வரையில் சொல்லித் தீர்க்கிறார்கள். பெட்ரோல் போட ஐந்து நிமிஷம், புறப்பட முக்கால்மணி. எங்களைப் பார்த்து, எந்த ஊர், என்ன வேலை, எப்பொழுது வந்தீர்கள் என்றும் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் என்னை ஒருவரும் கேளாத கேள்விகள். கேட்பதற்கு ஆசை எல்லோரிடமும் இருக்கிறது போலும். கேட்க ஒரு முகாந்தரம்தான் இல்லாமல் தவித்திருக்கிறார்கள்.

இன்வர்னஸ் நகரத்தில் ஹோட்டல் வைத்திருக்கும் வங்காளி ஒருவர், வண்டியைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்து, "அம்பாஸடர்!" என்று பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கல்கத்தாவிலிருக்கும் தமையனுக்கு வீடியோவில் காட்டத் தொடங்கிவிட்டார். "இது மாரிஸ்" என்றார் கிழவர். "என் தகப்பனார் இருபது வருஷம் இதில் டாக்ஸி ஓட்டினார், எனக்குத் தெரியாதா?" என்றார் வங்காளி. "நான் வேலை பார்த்த ஆலையில் பிறந்த வண்டி, எனக்குத் தெரியாதா?" என்றார் இவர். கல்கத்தாத் தமையனும் தொலைபேசிக்குள்ளிருந்து வாதத்தில் கலந்துகொண்டார். வழக்கு முற்றும் நிலையில் தங்கள் மகள் தலையிட்டு, பெற்றவர்கள் இவர்கள், வளர்த்தவர்கள் நீங்கள், உழைத்தது மட்டும் எங்கள் அப்பா என்று தீர்ப்புச் சொன்னாள். தீர்ப்பு இரு தரப்புக்கும் திருப்தி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வங்காளி காசு வாங்க மறுத்துவிட்டார்.

வடக்கே போகப் போகப் பொழுது சாயவில்லை. இந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவது இரவு பத்து மணிக்கு மேல். அதற்குப் பிறகும் முழு இருட்டு வருவதில்லை. இருட்டினால்தான் விளக்கேற்றுவேன் என்று காத்திருந்த தங்கள் மகள், கடைசியில் கடிகாரத்தை நம்பி ஏற்றினாள். ஜான் ஓ க்ரோட்ஸ் என்பது ஒரு துறைமுகமும், சில கடைகளும், தென்மேற்குக் கோடியிலுள்ள லாண்ட்ஸ் எண்டுக்கு 874 மைல் என்று காட்டும் கம்பமும்தான். பெருநிலத்தின் உண்மையான வடமுனை அதுகூட அன்று. சற்று மேற்கேயுள்ள டன்னெட் ஹெட் என்று கிழவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஊர்க் கதை ஒன்று உண்டு. பழங்காலத்தில் ஆர்க்னித் தீவுகளுக்குப் படகு விட்ட ஒரு டச்சுக்காரரின் வம்சத்தில், பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று எட்டுப் பங்காளிகளுக்குள் சண்டை வர, அவர் எட்டுப் பேருக்கும் எட்டு வாசல் வைத்து எட்டுக் கோண மேஜையும் போட்டு வீடு கட்டினாராம். அதை அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரத்துக்குள் பிறந்து, முதல் மரியாதை விஷயமாகக் கோர்ட்டு வரை போன வழக்குகளைக் கேட்டு வளர்ந்த நாங்கள், எட்டு வாசல் போதாதென்று அபிப்பிராயம் தெரிவித்தோம்.

2023-இல் அகமதாபாத்திலிருந்து ஒரு குடும்பம், 1950-ஆம் வருஷத்து எம்.ஜி. காரில் புறப்பட்டு, அது பிறந்த ஆபிங்டன் ஊருக்கே வந்து சேர்ந்தது. ஆபிங்டன் இங்கிருந்து சில மைல்தான். அந்தச் செய்தியைக் கிழவர் வெட்டி வைத்திருக்கிறார். ஊர் திரும்பியதிலிருந்து, அதையே எதிர்த்திசையில் செய்து, வண்டியைச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஓட்டிவந்து தங்கள் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டுமென்ற நினைப்பு அவருக்கு வந்திருக்கிறது. அங்கே இப்பொழுது புதுக் கட்டடம் எழும்பி, ஆட்டோ நிறுத்தவே இடமில்லையென்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஆகவே இன்னும் சில தினங்களில் தங்கள் பெயருக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். கதவுக் கண்ணாடிகளுக்கான ரப்பர் பீடிங் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்; தெரிந்த மெக்கானிக்கிடம் விசாரித்து, பழையதாயினும் பாதகமில்லை, இரண்டு கதவுக்கேனும் அனுப்ப வேண்டும். அதோடு, சமயபுரம் பூச்சொரிதலுக்குத் தாங்கள் ஒரே நடையில் எத்தனை பேரை ஏற்றிச் சென்றீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். தங்கள் மகள் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறாள். ஆலையில் தாம் பரிசோதித்த பாரத்தோடு அது ஒத்துவரவில்லையென்று அவர் இரவெல்லாம் காகிதத்தில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிக்கியில் உட்கார்ந்து வந்தவர்களைச் சேர்க்காமல் பதில் எழுதுங்கள். அவருக்கு இருதயம் சற்றே பலவீனம்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்.