சிங்கத்தின் தலையில் விழுந்த இடி

ஒல்லாந்தருக்குச் சிலை என்றாலே ஆகாது. 1656இல் போர்த்துக்கேயரைக் கொழும்பிலிருந்து துரத்தியவர்கள் மாதா, அந்தோனியார், செபஸ்தியார் எல்லோரையும் மூட்டை கட்டச் சொன்னார்கள். கத்தோலிக்கக் குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தால் தலை போகும் என்று 1658இல் கட்டளையும் போட்டார்கள்.

போர்த்துக்கேயர் மட்டும் சாதுக்களா? முன்னேஸ்வரத்தையும் திருக்கோணேஸ்வரத்தையும் இடித்த கை அது. 1580இல் கோட்டை அரசன் தொன் யுவான் தர்மபாலன் தன் ராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்தான். அந்த முடியோ அதே வருஷம் ஸ்பெயின் மன்னன் பிலிப்பின் தலைக்குப் போய்விட்டது. பிலிப்பைன்சுக்குப் பெயர் கொடுத்த அதே பிலிப்தான். ஆக, மணிலாவும் கொழும்பும் கொஞ்சக் காலம் ஒரே முதலாளியின் இரண்டு கடைகள்.

மணிலாவில் ஸ்பானியர் 1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்தின் கோயில் வாசலில் சீனத்துக் கருங்கற் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பாதிரிமார் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இங்கே கதை வேறு. 1749இல் கொட்டாஞ்சேனை மேட்டில், இடிந்து கிடந்த போர்த்துக்கேயக் கோயிலின் இடத்தில், வுல்பெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் தொடங்கினார்கள். எட்டு வருஷ வேலை. கபுக்கல்லில் ஐந்தடித் தடிப்புச் சுவர்; பீரங்கிக்குப் பயந்தார்களோ, பிசாசுக்குப் பயந்தார்களோ! உள்ளே ஒரு புனிதருக்கும் இடமில்லை. முகப்பில் மட்டும் தேசாதிபதி ஸ்டைன் வான் கொலனேஸவின் பெயரெழுத்துகள். உச்சியிலே பித்தளைச் சிங்கம்: தலையில் முடி, ஒரு கையில் வாள், மற்றக் கையில் ஒல்லாந்தின் ஏழு மாகாணங்களுக்கும் ஏழு அம்பு. அந்தோனியார் பீடத்தில் நின்றால் விக்கிரக ஆராதனை, சிங்கம் கூரையில் நின்றால் தேசபக்தி.

1856இல் இடி விழுந்தது. சிங்கம் போயிற்று, கூரையும் பிளந்தது. உயரத்தில் பித்தளையை நட்டால் இடி விழத்தான் செய்யும், அது விஞ்ஞானம். கொட்டாஞ்சேனையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

துரத்தப்பட்ட அந்தோனியார் என்ன ஆனார்? கொச்சியிலிருந்து அந்தோனியோ என்ற குரு மீன் வியாபாரி வேஷத்தில் வந்தார் என்பது ஐதீகம். ஒல்லாந்தர் பிடிக்க வர, முகத்துவாரத்து மீனவர், “கடல் ஊரைத் தின்கிறது, நிறுத்தித் தாருங்கள்” என்றார்களாம். சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார், மணல்திட்டு எழும்பியது. ஒல்லாந்தர் வாயடைத்துக் காணியும் கொடுத்தார்கள். 1822இல் கோவாவிலிருந்து சிலையும் வந்து சேர்ந்தது. இன்று வெள்ளவத்தையிலிருந்து திருநீற்றோடு பஸ் ஏறி, செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் மாமிமார் உண்டு. வுல்பெண்டாலில் அந்த நெரிசல் இல்லை.

ஆனால் ஒல்லாந்தருக்கும் ஒரு திருவிழா கிடைத்தது. 1813இல், அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர், கொழும்புக் கோட்டைக்குள் புதைத்திருந்த ஒல்லாந்த தேசாதிபதிகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, இரவில் பந்தம் பிடித்து, ஊர்வலமாக வுல்பெண்டாலுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் யாராவது தொட்டுக் கும்பிட்டார்களோ என்னவோ.